ஒரு துளி இரத்தத்தின் கணக்கு



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் நுண்கடன் பற்றி எழுதியிருந்தேன். பலர் கடிதம் போட்டீர்கள். சிலர் கூட்டங்களில் கண்டு கையைப் பிடித்துக் கதைத்தீர்கள். அந்தக் கதை முடியவில்லை, திரும்பவும் அதற்கு வருவேன். இம்மாதம் ஒரு கிணற்றடியில் நடந்ததை எழுதப் போகிறேன்.

கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு கிராமம். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருந்தோம். பக்கத்துக் காணியில் ஆட்களின் சத்தம் கேட்டது. அந்தக் காணிக்காரர் வெளிநாட்டில். வீடு குண்டு விழுந்தபடியே கிடக்கிறது, வளவு முழுக்கப் பற்றை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இரண்டு இளம் பொடியன்மாரும் அங்குள்ள பாவனையில்லாத கிணற்றுக்குள் கயிற்றில் ஒரு வலையைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிமாரே, ஆளில்லாத கிணத்துக்குள்ள என்னத்தைத் தேடுறியள்?" என்று ஒரு அக்கா வேலிக்கு மேலால் கேட்டார்.

"நுளம்புப் புழு இருக்கோ எண்டு பாக்கிறம் அம்மா. மலேரியா நுளம்பு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மலேரியாவோ! அது எப்பவோ போட்டுது. டெங்கைப் பாருங்கோ தம்பி!" என்றார் இன்னொருவர். பரிசோதகர் கோபிக்கவில்லை. வேலியடிக்கு வந்து, அண்மையில் யாராவது வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக ஆபிரிக்கா அல்லது இந்தியாப் பக்கமிருந்து வந்தார்களா, யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டார். எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். முதலில் கேள்வி கேட்ட அக்காவும் "இல்லை" என்றார்.

கூட்டம் கலைந்தபின் அந்த அக்கா என்னைத் தன் வீட்டுக் கோடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மகன் ஏஜென்சிக்காரனை நம்பி ஆபிரிக்க நாடொன்றில் மாதக்கணக்காக நின்றுவிட்டு, போன காசும் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து மூன்று கிழமை. இரண்டு நாளாக அவனுக்குக் காய்ச்சல்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"பிள்ளை, பேர் எழுதுவினம். இரத்தம் எடுப்பினம். எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வினமோ! ஒருக்கா எழுதின பேரால நான் பட்டது காணும்."

அவருடைய கணவர் 2009 ஆம் ஆண்டு பெயர் பதியப்பட்ட இடத்திலிருந்து பிறகு திரும்பி வரவில்லை. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவர் சம்மதித்தபடியால்தான் இதை எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் எழுதவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் வன்னியில் மலேரியா எப்படிப் போனது என்பது நமக்கே மறந்துவிட்டது. அதைச் சொன்னால்தான் அந்த அக்காவின் "இல்லை"க்குள் இருக்கும் ஆபத்தைச் சொல்ல முடியும்.

1996 ஆம் ஆண்டு கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து நாங்கள் அக்கராயன் பக்கம் போனபோது எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனமும் சேர்ந்து காடெல்லாம் கொட்டில். அந்த மாரியில் காய்ச்சல் வராத கொட்டில் ஒன்று இருந்ததாக நினைவில்லை. குலைப்பன் காய்ச்சல் என்றுதான் ஆச்சி சொல்லுவா. பின்னேரமானால் அம்மாவின் பல்லுக் கிட்டும். வீட்டிலிருந்த சேலை, சாக்கு எல்லாம் போட்டு மூடினாலும் உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடும். பிறகு நெருப்பாய்க் கொதிக்கும். பிறகு வியர்த்து ஊற்றி, அடுத்த நாள் ஒன்றும் நடக்காதவர் போல எழும்பி விறகு பொறுக்கப் போவா. ஒருநாள் விட்டு மறுநாள் திரும்பவும் நடுக்கம். அம்மா அப்போது தம்பியை வயிற்றில் சுமந்திருந்தா. தம்பி பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தான் என்று ஆச்சி இன்றைக்கும் சொல்லுவா. பக்கத்துக் கொட்டில் மாமிக்கு அந்த அளவு அதிர்ஷ்டமும் இருக்கவில்லை. அவவின் பிள்ளை ஏழாம் மாதம் போய்விட்டது.

கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் இரத்தம் குறையும், பிள்ளை நிறை குறைந்து பிறக்கும், கருவும் அழியும் என்று பிற்காலத்தில் படித்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது மாமியின் முகந்தான்.

அந்த நாட்களில் எங்களுக்கு விஞ்ஞானம் என்றால் ஒரு கண்ணாடித் துண்டு. மருந்தகத்தில் ஒரு அண்ணை விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை அதில் தேய்த்து, காயவைத்து, நீல நிறச் சாயம் ஊற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். பிறகு கசப்புக் குளிசை. அந்தக் குளோரோகுயின் கசப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. அதோடு இன்னொரு குளிசையும் தருவார்கள், அதைப் பல நாள் போட வேண்டும். காய்ச்சல் விட்டவுடன் நாங்கள் நிற்பாட்டிவிடுவோம். விவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி ஈரலுக்குள் ஒளித்துக் கிடந்து மாதக்கணக்கின் பின் திரும்ப எழும்பும் என்பதும், அந்த இரண்டாவது குளிசை அதற்குத்தான் என்பதும் எங்களுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. அல்லது சொன்னார்களோ, கேட்கிற நிலையில் நாங்கள் இருக்கவில்லையோ தெரியாது.

இந்த நோய் இலங்கையைப் படுத்திய பாடு பெரிது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் தென்மேற்கில் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய் நின்றன. மலேரியா நுளம்புக்கு அந்தக் குட்டைகள்தான் வேண்டும். ஏறக்குறைய 80,000 பேர் சில மாதங்களுக்குள் செத்துப்போனார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டி.டி.ரி. என்ற மருந்து வந்தது. வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். 1946 ஆம் ஆண்டு 28 இலட்சம் பேருக்குக் கண்ட மலேரியா, 1963 ஆம் ஆண்டு முழு நாட்டிலும் 17 பேருக்குத்தான் கண்டது. வெறும் பதினேழு!

அதன்பிறகு நடந்ததைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். வெற்றி வந்துவிட்டதென்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். காசைக் குறைத்தார்கள். காய்ச்சல்காரரின் இரத்தம் பார்ப்பதும் தளர்ந்தது. இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளில் தண்ணீர் நின்றது, அங்கே வேலைக்குப் போனவர்கள் காய்ச்சலோடு ஊருக்கு வந்தார்கள். 1969 ஆம் ஆண்டு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. திரும்பவும் டி.டி.ரி.யை எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. வேறு மருந்துக்கு மாற வேண்டி வந்தது. பிறகு முப்பது வருடமாக இழுபறிதான். 1999 ஆம் ஆண்டு 264,549 பேர். அதில் பெரும் பங்கு போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும். அதாவது நாங்கள்.

நான் சமூகவியல் படித்தவள், விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவள் அல்ல. ஆனாலும் இதற்குப் பின் என்ன மாறியது என்று தேடி வாசித்தபோது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. முதலில், விஞ்ஞானிகள் அரசாங்கத்துக்கு "மருந்தை அடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. எந்த நுளம்பு, எங்கே, எந்த மாதத்தில், எந்த மருந்துக்குச் சாகிறது என்று ஒவ்வொரு பிரதேசமாக அளந்துகொண்டே இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் நோபிள் சுரேந்திரன் போன்றவர்களின் ஆய்வில் ஒரு விந்தையான விடயம் தெரிய வந்தது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முக்கிய நுளம்பு இனத்துக்குள் கண்ணுக்கு ஒரேமாதிரியான இரண்டு வகை இருக்கின்றன. அவற்றின் நிறமூர்த்தங்களைப் பார்த்துத்தான் பிரிக்கலாம். பி என்ற வகை பெரிய ஆபத்தில்லாதது. ஈ என்ற வகைதான் நோயைக் காவுகிறது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று குழப்படி, மற்றது சாது என்பதுபோல. எந்த வகை எங்கே இருக்கிறதென்று தெரிந்தால், காசையும் மருந்தையும் தேவையான இடத்தில் கொட்டலாம்.

கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு பெண்கள் இதில் முன்னின்றார்கள் என்பதை நம் பெண்பிள்ளைகள் அறிய வேண்டும். பேராசிரியர் கமினி மென்டிஸ் ஒருவர். ஆய்வுகூடத்தில் தொடங்கி, உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியாப் பிரிவில் உயர் பொறுப்பு வகித்து, பின்பு இந்நாட்டின் ஒழிப்பு வேலைக்கும் துணை நின்றவர். மற்றவர் பேராசிரியர் தீபிகா பெர்னாண்டோ. தெற்கே மலேரியாப் பிரதேசத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, அடிக்கடி மலேரியா வந்த பிள்ளை மொழியிலும் கணிதத்திலும் குறைந்த புள்ளி எடுப்பதை அவரது குழு காட்டியது. காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போய் வாய்ப்பாடு மறந்து அடிவாங்கிய நம் தலைமுறைப் பிள்ளைகளை அப்போது நினைத்துக்கொண்டேன். நாங்கள் மொக்கர் இல்லை சகோதரிகளே, எங்களுக்குக் காய்ச்சல்!

இரண்டாவது, மலேரியாத் தடை இயக்கம் அந்த ஆய்வுகளுக்கேற்பத் தன் வேலையை மாற்றியது. எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்தை வருடக்கணக்காக அடிப்பதை விட்டு, மாற்றி மாற்றி, நோயுள்ள இடத்துக்கு மட்டும் அடித்தார்கள். மண்சுவருக்கு அடித்த மருந்தை நாங்கள் பொங்கலுக்கு முன் சாணகம் போட்டு மெழுகி மூடிவிடுவோம். நுளம்பு வந்து இருக்கும்போது அதன் காலில் மருந்து படாது. தறப்பாள் கொட்டிலுக்கோ சுவரே இல்லை. மருந்தை எதில் அடிப்பது? அதனால்தான் மருந்து ஊறிய நுளம்பு வலைகள் வந்தன. 2000களில் உலக நிதியத்தின் உதவியோடு அவை பெருந்தொகையாக வந்தன. வன்னிக்குள் சிலர் அவற்றை மீன்பிடிக்கவும் தோட்டத்துக்கு வேலி கட்டவும் பாவித்தது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை விடுவோம்.

போர்க்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இந்த வேலை நடந்தது என்பதுதான் பெரிய விடயம். மருந்துப் பொருட்கள் அனுமதிக்கும் தடைக்கும் இடையில் எவ்வளவு இழுபட்டன என்று ஓமந்தையில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மருந்தடிக்கிற தொழிலாளர்களும், இரத்தம் பார்க்கிறவர்களும், வைத்தியர்களும், தொண்டு நிறுவனத்தாரும் முற்றாக நிறுத்தவில்லை. நுளம்புக்குச் சோதனைச் சாவடி இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. போலியோச் சொட்டு மருந்துக்காக 1995 முதல் சில நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. அரசாங்கம் ஒரு வேலையைச் செய்தால் அது பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. அறிக்கை எழுதுவார்கள், படம் எடுப்பார்கள், முடிந்தது. மலேரியாவில் அப்படி ஏமாற்ற முடியவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் இரத்த மாதிரிகள் வந்துகொண்டிருந்தன. மருந்து அடித்த ஊரில் அடுத்த மாதமும் கிருமி தெரிந்தால் அடித்தது சரியில்லை, அல்லது மருந்து சரியில்லை, அல்லது அங்கே வெளியிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். உடனே ஆட்கள் போவார்கள். ஒழிப்பு நெருங்கிய 2012 ஆம் ஆண்டளவில்கூட வருடமொன்றுக்குப் பத்து இலட்சத்தை அண்மித்த இரத்த மாதிரிகளைப் பார்த்தார்கள். அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் விடை "இல்லை"தான். "இல்லை" என்று வருவதற்காக இவ்வளவு பேரைக் குத்துவதா என்று கேட்கலாம். அந்த "இல்லை"களை எண்ணினால்தான் எங்கோ இருக்கும் ஒன்று பிடிபடும்.

அந்த மாதிரிகள் யாருடைய விரலிலிருந்து வந்தன? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடமாடும் மருத்துவமனை வந்த மரத்தடிக்கு வெயிலுக்குள் நடந்து போன தாய்மாருடையவை. விஞ்ஞானியின் கணக்குக்கும் அமைச்சின் கட்டளைக்கும் நடுவில் நம் அம்மாமாரின் விரல் நுனி இருந்தது. அதற்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் போடமாட்டார்கள்.

2009 ஆம் ஆண்டு வவுனியா மெனிக் பாம் முகாம்களில் மூன்று இலட்சம் வரையான சனம் அடைபட்டபோது திரும்பவும் பெரிய மலேரியா வருமோ என்று சுகாதாரத் துறையினர் பயந்தார்கள். காய்ச்சல்காரரைத் தேடிப் பார்த்தார்கள், வலை கொடுத்தார்கள். அது வெடிக்கவில்லை. அந்த முகாமைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகமில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விடுவது நீதியில்லை. 2012 ஆம் ஆண்டு உள்ளூரில் தொற்றியவர்கள் 23 பேர். சான்றுக்கு முன் கடைசியாகக் கண்டவர் அந்த ஆண்டு ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்று வழங்கியது.

எல்லாவற்றிலும் இப்படி நடந்ததா? இல்லை. வவுனியாவில் நான் வேலை செய்த காலத்தில் சிறுநீரக நோய்க் குடும்பங்களுக்குப் போயிருக்கிறேன். வயல் செய்யும் ஆம்பிளைகள், நாற்பது ஐம்பது வயது, சீனி வருத்தமுமில்லை, பிரஷருமில்லை, ஆனால் சிறுநீரகம் போய்விட்டது. வட மத்திய மாகாணத்தில் 1990களில் கண்டுகொள்ளப்பட்ட நோய் இது. கிணற்றுத் தண்ணீரின் வன்மையும் புளோரைட்டுமா, விவசாய இரசாயனமா, கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா, இவை எல்லாம் சேர்ந்தா என்று ஆராய்ச்சிகள் பல. இதுதான் காரணம் என்று முடிந்த முடிவாக நிறுவப்படவில்லை. ஆனால் கட்டளைகள் முந்திக்கொண்டன. 2015 ஆம் ஆண்டு கிளைபோசேற் என்ற களைநாசினி தடை. 2018 ஆம் ஆண்டு தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில், விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தும் கேளாமல், இரசாயன உரம் முழுவதையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். அதற்குச் சொன்ன நியாயங்களில் இந்தச் சிறுநீரக நோயும் ஒன்று. நவம்பரில் தடையை நீக்கும்போது பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. மஞ்சளாய் நின்ற வயலைப் பார்த்து வரம்பில் இருந்து அழுத பெண் தலைமைக் குடும்பத்துச் சகோதரிகளை எனக்குத் தெரியும். நகையை வைத்து விதைத்தவர்கள் அவர்கள்.

பசளையைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் வீட்டுத்தோட்டத்துக்குக் கூட்டெருதான் போடுகிறேன். ஒரு பிரதேசத்தில் ஒரு போகம் செய்து, அளந்து பார்த்து, பிழைத்தால் திருத்தி, பிறகு பரவலாக்கியிருக்கலாம். அதே நோய்க்காகக் கிராமங்களில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்கள் அமைத்தார்களே, அதை யாராவது குறை சொன்னார்களா? காரணம் முழுக்கத் தெரியாவிட்டாலும் நல்ல தண்ணீர் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. தெரிந்த அளவுக்குத் தக்கபடி காலை வைப்பதற்கு அறிவாளி தேவையில்லை, குளத்துக்குள் இறங்கித் தாமரைக்கிழங்கு பிடுங்குகிற எவளுக்கும் அது தெரியும்.

இனிக் கிணற்றடிக்கு வருவோம். சான்று கிடைத்த அதே 2016 ஆம் ஆண்டு டிசம்பரில் மன்னாரில் ஒரு புது நுளம்பைக் கண்டார்கள். ஸ்டீபன்சி என்று பெயர். இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. பழைய நுளம்பு ஆற்றுக் குட்டையைத் தேடியது என்றால் இது நம் கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் தேடுகிறது. பின்னர் யாழ்ப்பாணம் உள்ளிட்ட வேறு இடங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நுளம்பு மட்டும் இருந்தால் நோய் வராது. கிருமியோடு ஒரு மனிதர் வர வேண்டும். ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள்: ஆபிரிக்காவுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள், இந்தியாவுக்குப் போய் வருபவர்கள். 2012 ஆம் ஆண்டு, வெளிநாடு போகவென்று வெளிக்கிட்டு மேற்கு ஆபிரிக்காவில் அகப்பட்டுத் திரும்பிய நம்முடைய பொடியன்மார் பலருக்கு மலேரியா இருந்தது. இன்று நம்மிடம் கிணறும் உண்டு, அதில் நுளம்பு வரவும் வழியுண்டு, ஏஜென்சிக்காரனும் உண்டு. அந்த மூன்றும் ஒரு வேலிக்குள் சந்திக்காமல் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதகரின் வேலை. அவர் கேட்ட கேள்விக்கு அக்கா "இல்லை" என்றார்.

அடுத்த நாள் காலையில் நான் திரும்பவும் அக்காவிடம் போனேன். தனியாகப் போகவில்லை, அந்தப் பிரிவின் குடும்பநல மாதுவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவின் கடைசிப் பிள்ளையை நிறுத்துத் தடுப்பூசி போட்டவர் அவர். அவரை அக்கா நம்புவார். 1963 ஆம் ஆண்டுப் பதினேழு பேரின் கதையைச் சொன்னேன். மகனிடமிருந்து எடுக்கும் இரத்தம் எங்கே போகும், அதில் எதைப் பார்ப்பார்கள், பெயரை எதற்கு எழுதுவார்கள், மலேரியா இருந்தால் மருந்து முழுக்க இலவசம், வீட்டைச் சுற்றி நுளம்பு பார்க்க ஆட்கள் வருவார்கள், வேறு யாரும் வரமாட்டார்கள் என்று மாது ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா கேட்ட ஒரு கேள்வியை நான் இங்கே எழுதத்தான் வேண்டும்.

"இதையெல்லாம் நேற்று அந்தத் தம்பி ஏன் சொல்லேல்லை?"

மாதுவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. நுளம்பின் நிறமூர்த்தத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாட்டில், பெயர் எழுதப் பயப்படுகிற ஒரு பெண்ணின் முன் எப்படி நின்று கேட்பது என்று அதிகாரிகளுக்கு யாரும் பழக்கவில்லை. என் படிப்புக்கு ஏதாவது பயனிருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். அடுத்த கிழமை பிரதேச செயலகத்தில் நடந்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். பார்ப்போம்.

மகனை நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விரலில் குத்தி, கால் மணித்தியாலத்தில் ஒரு பரிசோதனை. கண்ணாடித் துண்டிலும் பார்த்தார்கள். கிருமி இல்லை. வேறு ஏதோ காய்ச்சல், நான்கு நாளில் விட்டது. அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "வீணா உங்களை அலைச்சுப்போட்டன் பிள்ளை" என்றார். வைத்தியர் ஒரு இளம் பெண். "வீணில்லை அம்மா, இல்லையெண்டும் நாங்கள் எழுதத்தானே வேணும்" என்றா. அவன் ஆபிரிக்காவிலிருந்து வந்தவன் என்பதால், இன்னும் ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுத்தா. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி வந்திருந்தால், வைத்தியர் கேட்க முதலே நீங்கள் சொல்லிவிடுங்கள். மலேரியாவை ஒருமுறைகூடக் கண்டிராத இளம் வைத்தியர்கள் இப்போது இருக்கிறார்கள். டெங்கு என்று நினைத்து நாலு நாளைப் போக்கிவிட்டால் உயிருக்கு மோசம்.

அந்தக் கிணற்றுக்குள் பரிசோதகர் கப்பி மீன் விட்டிருந்தார். புழுவைத் தின்னும் சின்ன மீன். மேலே வலை போட்டு மூட வேண்டும், ஆனால் காணிக்காரர் வெளிநாட்டில், யார் காசு கொடுப்பது என்று இழுபட்டது. மாதர் சங்கம் சந்தாக் காசில் பழைய வலை வாங்கிக் கட்டியது. இரண்டு மாதம் கழித்துப் போனேன். அக்கா என்னை வீட்டுக்குள்ளும் கூப்பிடாமல் நேரே கிணற்றடிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். வலையை ஒரு பக்கம் விலத்திப் பிடித்துக்கொண்டு, "பத்து விட்டவை பிள்ளை. இப்ப எண்ணிப் பாருங்கோ பாப்பம்" என்றார். குனிந்து பார்த்தேன். எண்ண முடியவில்லை.